ஜீப்பில் ஏறாத நேர்த்தி

அத்தியாயம் பதினான்கு

போன கிழமை உட்துறைமுக வீதி வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. ஒரு கிழமையாக அந்த ஹோர்ன் அடித்துக்கொண்டே நிற்கிறது. இனியும் நிற்க விட்டால் பற்றரி இறங்கிவிடும். படலையைத் திறந்துவிடுவோம்.

இறங்கியவன் கிண்ணியா றிகாஸ். தனுசனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், இப்போது சொந்தமாக வேன் ஓடுகிறான். சூரிச்சில் இருக்கும் தனுசன் ஒன்பது வருசத்துக்குப் பிறகு மனைவி நிவேதிகாவோடு ஊருக்கு வருகிறான். வந்து, குடும்பத்தை வேனில் ஏற்றி மட்டக்களப்பு, அறுகம்பை, கதிர்காமம், நுவரெலியா, கண்டி என்று இலங்கையை ஒரு வட்டம் அடிக்கப்போகிறான். அந்த வட்டத்தின் நடுவில் யாலக் காட்டில் ஒரு சஃபாரி. “காசைப் பற்றி யோசிக்காதேங்கோ” என்று சொன்ன பிள்ளை, அடுத்த நாளே தண்ணீர்ப் போத்தல் என்ன விலை போகிறது என்று கேட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

வீட்டில் அப்போது இருந்தது தாய் இரத்தினேஸ்வரி மட்டுந்தான். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வேனைப் பார்த்தாள். றிகாஸ் கதவைத் திறந்து காட்டினான், ஏசியைப் போட்டுக் காட்டினான், திரைச்சீலை நல்லெண்ணெய்க்காரன் மகள் கலியாணத்துக்குப் போட்ட புதுத் திரைச்சீலை என்றும் சொன்னான். எல்லாவற்றுக்கும் அவள் நல்லது தம்பி, நல்லது தம்பி என்றாள். அதோடு அவன் போயிருக்கலாம். போனானா?

“ஜீப்பிலயும் முன்சீட்டு உங்களுக்குத்தான் அன்ரி. திஸ்ஸமகாராமக்காரனுக்கு அட்வான்சும் குடுத்தாச்சு. பதினெட்டாம் திகதி விடிய கேற் திறக்கக்குள்ளயே உள்ளுக்குப் போயிரலாம்.”

“ஆருக்குத் தம்பி முன்சீட்டு?”

“உங்களுக்குத்தான். நிருஜா தங்கச்சி எல்லாற்ற பேரும் தந்துட்டா.”

“பதினெட்டாம் திகதி நான் காட்டுக்குள்ளை எல்லோ நிப்பன்.”

“அதத்தான் நானும் சொல்றன் அன்ரி. காட்டுக்குள்ளதான்.”

இரத்தினேஸ்வரி வேனையும் பார்க்கவில்லை, றிகாசையும் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ பார்த்தாள். அந்தப் பார்வை பட்ட இடத்தில் இன்றைக்கும் புல் முளைக்கவில்லை என்று சொல்கிறார்கள்.

விசயம் இதுதான். ஒவ்வொரு வருசமும் கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னால் உகந்தை முருகன் கோயிலடியில் காட்டுப் பாதையைத் திறந்துவிடுவார்கள். சல்லி ஊரில் இருந்து போகும் அடியார் கூட்டத்தோடு இரத்தினேஸ்வரி அந்தப் பாதையால் நடப்பாள். வெறுங்காலோடு, குமணக் காடும் யாலக் காடும் கடந்து, கதிர்காமம் வரைக்கும். நாலு வருசம் நடந்துவிட்டாள். இந்த முறையும் அவள் நடந்து வருவாள், வேன் கதிர்காமத்தில் வந்து அவளை ஏற்றிக்கொள்ளும் என்பதுதான் வீட்டில் பேச்சு. மகனிடமும் மகளிடமும் கணவனிடமும் அப்படித்தான் கதைத்து முடித்திருந்தாள். ஓம் ஓம் என்று மூன்று தலையும் ஆடியிருந்தன.

இப்போது பார்த்தால், அவள் நடக்கவேண்டிய நாளில் அவளை ஜீப்பில் ஏற்றி, அவள் நடக்கவேண்டிய காட்டையே அவளுக்குச் சுற்றிக் காட்டப்போகிறார்கள்.

றிகாசுக்கு விளங்கிவிட்டது. அவன் முகத்து இரத்தம் அவனுக்கு முன்னாலேயே கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. “நான் பொறவு வாறன் அன்ரி” என்றான். ஹோர்ன் அடிக்காமல் போனான்.

இரத்தினேஸ்வரி திரும்பிக் குசினிக்குள் போய்த் துருவலையில் இருந்தாள். தேங்காய் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. துறைமுகத்தில் நின்ற சீமெந்துக் கப்பல்காரர், எங்கேயோ நங்கூரம் தூக்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்களாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணவர் இராசநாயகம் வீட்டுக்குள் நுழைந்தார்.

துறைமுகத்தில் கிறேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். எத்தனையோ தொன் பாரத்தை நெற்றி வியர்க்காமல் தூக்கி இறக்கிய மனிதர். ஆனால் மனைவி பாத யாத்திரைக்கு விரதம் தொடங்கினால் வீடு முழுக்கச் சைவம் என்கிற ஒரு பாரத்தை மட்டும் அவரால் தூக்க ஏலாது. திருகோணமலையில், கடலைப் பார்த்த வீட்டில், மீன் இல்லாமல் ஒரு மாதம். மீன்காரன் கூட அந்த வீட்டைக் கடக்கும்போது மோட்டார்சைக்கிள் ஹோர்னைக் கையால் பொத்திக்கொண்டு, செத்த வீட்டைத் தாண்டுவதுபோலத் தலை குனிந்து போவான்.

அப்படிப்பட்டவரின் கையில் அன்றைக்கு ஒரு ஷொப்பிங் பை. பைக்குள் இருந்து ஒரு பாரை மீனின் வால் வெளியே வந்து உலகத்தைப் பார்த்தது.

“தேத்தண்ணி ஒண்டு...” என்று தொடங்கினவர், கேத்தில் அடுப்பில் கவிழ்ந்து கிடப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

“மீன் ஆருக்கு?”

“சும்மா, மலிவாக் கிடந்தது.”

“விரத வீட்டிலை?”

“இனித்தான் விரதம் தேவையில்லையே” என்றார் இராசநாயகம். சொன்ன பிறகுதான் வாயை மூடினார். அவருடைய வாய் எப்போதும் அவரைவிட அரை நிமிசம் முந்தியது.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. அன்று காலை கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டிருக்கிறார்: நடப்பதாக வைத்த நேர்த்திக்கடனை ஜீப்பில் போய்க் கழித்தால் செல்லுமோ என்று. நேர்த்தி வைத்தவவைக் கேளுங்கோ என்று சொல்லிவிட்டு ஐயர் விபூதித் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஐயர் மறுக்கவில்லை, ஆகவே சம்மதம் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு இவர் வழியில் பாரையைப் பார்த்திருக்கிறார்.

“நீர் ஏன் இப்ப கோபப்படுறீர்? அதே காடு. நடந்து போறதைவிட ஜீப் கூடத் தூரம் ஓடும். மூட்டையைத் தோளிலை கொண்டு போனால் என்ன, கிறேனிலை தூக்கினால் என்ன, கப்பலிலை ஏறினால் சரிதானே.”

“அப்ப நீங்கள் அண்டைக்குக் கலியாணத்துக்கும் வந்திருக்கத் தேவையில்லை. கிறேனிலை தாலியைத் தூக்கி விட்டிருக்கலாம்.”

பை கைமாறியது. பாரை மீன் பின்மதிலுக்கு மேலால் தன் கடைசிப் பயணத்தைப் போனது. அந்த ஒழுங்கைப் பூனைகள் அந்த நாளை வருசா வருசம் திருவிழாவாகக் கொண்டாடப்போகின்றன.

மத்தியானம் கழிந்து மகள் நிருஜா வந்தாள். வங்கியில் வேலை, எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வாள், பல்லுத் தீட்டுவதைக்கூட. தகப்பன் போனில் முதலே எச்சரித்திருந்தபடியால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சமாதானத்தைத் தொடங்கினாள். அண்ணா ரிக்கற்றைப் பதிந்துவிட்டுத்தான் திகதியைச் சொன்னவராம். இனி மாற்றப் போனால் அந்தக் காசுக்கு இன்னொரு ஆள் சூரிச்சில் இருந்து வரலாமாம். சஃபாரிக்கு ஏற்கெனவே கை கடிக்கிறதாம். காட்டுக்குள் போக வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை. திருகோணமலை ஆஸ்பத்திரியில் பிறந்த தனுசன் சுவிஸ் பாஸ்போட்டோடு வருவதால் இப்போது வெளிநாட்டுக்காரன். அது அவனுக்குப் பெரிய கோபம். அவனுடைய பழைய அடையாள அட்டையைக் காட்டி உள்ளே விடலாம், மருமகள் வாயைத் திறக்காமல் இருந்தால் அவவையும் விடலாம் என்று ஒரு திட்டத்தை இராசநாயகம் இரண்டு கிழமையாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த அட்டையில் இருக்கும் தனுசனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

ஆகவே நுவரெலியாவில் ஒரு இரவைக் குறைத்து, கண்டியில் அறையைக் குறைத்து, சஃபாரிக்கு வழி பண்ணியிருந்தாள் நிருஜா.

“உங்கட சீட்டுக்குச் செலவே இல்லை அம்மா. ஜீப் வாடகை நாலு பேர் இருந்தாலும் அஞ்சு பேர் இருந்தாலும் ஒண்டுதான். உள்ளூர் ரிக்கற் ஒரு பெரிய காசில்லை. நீங்கள் கிட்டத்தட்டச் சும்மாதான் வாறியள்.”

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் சொன்ன சொல் அம்மாவின் காதுக்குள் போய்க் கதிரை போட்டு இருந்துகொண்டது.

“சும்மா கிடக்கிற இடத்திலையோ என்னை இருத்தப் பாக்கிறியள்?”

“அப்பிடியில்லை அம்மா...”

“நான் போறன் பிள்ளை. புதன்கிழமை விடிய சல்லி லொறி. நான் அதிலை ஏறி உகந்தைக்குப் போறன்.”

நிருஜா நகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். இராசநாயகம் மெல்லக் கதிரையோடு ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தார், கடல் உள்வாங்குவதைக் கண்ட மனிதர்போல.

“என்னடி?”

இந்த வருசம் அம்மா வரமாட்டா என்று நிருஜா சல்லிக்கே போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். கூட்டத்துக்கு வேல் தூக்கி முன்னுக்குப் போகும் இராகுலனிடமே சொல்லிவிட்டாள். வழியில் சமைப்பதற்கு அம்மா வருசாவருசம் கொடுக்கும் அரிசி பருப்புப் பங்கும் இந்த முறை இல்லை என்று சொல்லி, அந்தக் காசையும் ஜீப் அட்வான்சோடு சேர்த்துவிட்டாள்.

இதுவரைக்கும் நடந்தது கோபமே இல்லை. அது காற்று. இப்போதுதான் புயல். ஆனால் அந்தப் புயலுக்குச் சத்தம் இருக்கவில்லை. இரத்தினேஸ்வரி எழும்பிப் போய் அடுப்பின் காஸ் சிலிண்டரைப் பூட்டினாள். தண்ணீர்க் குழாயை இறுக்கினாள். அலுமாரியைத் திறந்து மஞ்சள் சேலையையும் துணிப்பையையும் எடுத்துக் கட்டிலில் போட்டாள். போனை எடுத்து இராகுலனைக் கூப்பிட்டாள். பல்லிகூட உச்சுக் கொட்டவில்லை.

தன் பேரைச் சொல்லி, மகள் சொன்னது பிழை, இடம் இருக்குமோ என்று கேட்டாள். மறுபக்கத்தில் இராகுலன் சிரித்த சத்தம் இங்கே கேட்டது. லொறியில் ஒரு மூலை இருக்கிறதாம். காட்டுக்குள்ளே நடப்பதற்கு என்ன சாமி சீட்டா பதிவது, வாங்கோ என்றானாம்.

போனை வைத்துவிட்டு, “சீட்டுப் பதியத் தேவையில்லையாம்” என்று மகளிடம் சொன்னாள். அவ்வளவுதான். நிருஜாவுக்கு ஒரு அறை விழுந்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

பின்னேரம் தனுசன் வீடியோவில் வந்தான். நிருஜா தகவலைச் சூரிச்சுக்கு அனுப்பியிருந்தாள். அவன் காலை வேலையில் இருந்து வந்த சப்பாத்தைக் கழற்றாமலே கூப்பிட்டிருந்தான். அவனுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, நிவேதிகா ஒரு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். சூரிச்சிலேயே பிறந்தவள். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்ததால் புத்தகம் மாதிரிக் கதைப்பாள். இந்தக் குடும்பத்தில் அவள் இதுவரை அதிகம் கதைத்ததில்லை. கதைக்க இடம் கிடைத்ததும் இல்லை.

“ஒன்பது வருசம் அம்மா” என்றான் தனுசன். “வெள்ளிக்கிழமை நான் வந்து இறங்கேக்கை நீங்கள் வீட்டிலை இல்லை. எனக்கு எப்பிடி இருக்கும்?”

“திகதி எடுக்கேக்கை என்னட்டைக் கேட்டனியோ?”

“லீவு கொம்பனி தாறது.”

“காட்டுப் பாதை முருகன் திறக்கிறது. அவரும் என்னட்டைக் கேக்கேல்லைத்தான். ஆனால் உனக்கு மூக்குச் சிந்தத் தெரியாத காலத்திலை இருந்து அவர் திறக்கிற நேரம் ஊருக்குத் தெரியும்.”

“நான் உங்களைப் போக வேண்டாம் எண்டு சொல்லேல்லையே. அதே காட்டுக்குத்தானே கூட்டிக்கொண்டு போறன். கால் நோகாமல். அதே மான், அதே யானை.”

“பேரைச் சொல்லாதை.”

“என்ன பேரை?”

“நாங்கள் அங்கை அந்தப் பேர் சொல்லுறேல்லை. பெரியவர் எண்டுதான். பெரியவர் வழியிலை நிண்டால் அரோகரா சொல்லி ஒதுங்கி நிப்பம். அவருக்கு விருப்பமானபோது போவார். நீங்கள் காசு கட்டி, ஜீப்பிலை ஏறி, பேரைச் சொல்லிக் கத்திக் கத்திப் படம் எடுக்கப் போறியள். அதுக்கு நான் ஏன்?”

தனுசனின் குரலும் ஏறியது. அவன் தாயின் பிள்ளைதானே. அந்த நேர்த்தியே தனக்காக வைத்தது என்று தனக்குத் தெரியும் என்றான். தான் ஏஜென்சிக்காரனோடு எல்லை தாண்டிப் போய், மாதக்கணக்காய் ஒரு தகவலும் இல்லாமல் கிடந்தபோது வைத்தது. நான் இதோ உயிரோடு இருக்கிறேன், நானே சொல்கிறேன், நேர்த்தி போதும், தீர்ந்தது என்றான்.

“உங்களுக்கோ?” என்று நிருஜா பாய்ந்தாள். “அது என்ர கலியாணத்துக்கு வைச்சது. இண்டைக்கும் நான் இஞ்சைதான் நிக்கிறன். எப்பிடித் தீரும்?”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ” என்றார் இராசநாயகம், அன்றைக்கு முதல்முறையாகக் குரலை உயர்த்தி. “என்ர நெஞ்சைக் கீறி ஒப்பரேசன் செய்யேக்கை ஆஸ்பத்திரி வாசலிலை வைச்சு வைச்ச நேத்தி அது. கீறின அடையாளம் இந்தா கிடக்கு.” சேட் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

சண்டை திசை மாறியது. காணி எல்லைக்கு அடிபடுகிற சகோதரர்கள்கூட அப்படி அடிபட மாட்டார்கள். நேர்த்தி யாருடையது என்று ஒரு குடும்பம், இரண்டு நாட்டில் நின்றுகொண்டு, ஒரு சின்னத் திரைக்கு உள்ளேயும் வெளியேயுமாய்க் கத்தியது. கோணேசர் மலைக்கு அந்தப் பக்கம் மான்கள் காதை நிமிர்த்தின.

இரத்தினேஸ்வரி மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

“ஒருத்தருக்குமில்லை” என்றாள்.

சத்தம் நின்றது.

“உங்கள் மூண்டு பேருக்கும் சேத்துத்தான் வைச்சனான். முதல் வருசமே நடந்து கழிச்சுப்போட்டன். நேத்தி அண்டைக்கே முடிஞ்சுது. அதுக்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு.”

“உங்களுக்கு என்னத்துக்கு?” என்று நிருஜா கேட்டாள். உண்மையாகவே விளங்காமல் கேட்டாள், அதுதான் கொடுமை.

“அங்கை என்னை ஒருத்தரும் அம்மா எண்டு கூப்பிடுறேல்லை. அப்பாவைப்போல இஞ்சாரும் எண்டும் கூப்பிடுறேல்லை. எல்லாருக்கும் எல்லாரும் சாமி. ஒருத்தரும் என்னட்டைத் தேத்தண்ணி கேக்கிறேல்லை, சேட் எங்கை எண்டு கேக்கிறேல்லை. குமுக்கன் ஆத்திலை இறங்கிக் குளிச்சுப்போட்டு, ஒரு மரத்துக்குக் கீழை நான் பாட்டுக்குக் கிடப்பன். வருசத்திலை அந்த நாலைஞ்சு நாள்தான் நான் கேக்கிறன். அதுக்குள்ளையும் ஜீப்பைக் கொண்டு வந்து விட்டிட்டியள்.”

இராசநாயகத்தின் கை சேட் பொத்தானிலேயே நின்றது.

நெற்வேர்க் நின்றுவிட்டதோ என்று நிருஜா போனை ஆட்டிப் பார்த்தாள். நெற்வேர்க் நன்றாகத்தான் இருந்தது.

“அப்ப உங்களுக்கு நாங்கள் பாரம்” என்றான் தனுசன் கடைசியில். “சரி. போங்கோ. நான் ஆரைப் பாக்க வாறன் எண்டு எனக்கு இப்ப தெரியேல்லை.”

திரை கறுத்தது.

நிருஜா அழுதுகொண்டு அறைக்குள் போனாள். இராசநாயகம் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. சூரியன் துறைமுகத்துக்கு அங்கால் இறங்கிக்கொண்டிருந்தது.

இரத்தினேஸ்வரி கேத்திலை நிமிர்த்தினாள். காஸைத் திறந்தாள். தண்ணீர் வைத்து, ஒரே ஒரு கோப்பையை எடுத்து, ஒரே ஒரு தேத்தண்ணி போட்டாள். அந்த வீட்டில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி தனியாக ஊற்றப்பட்டது அதுதான் முதல்தடவை. கேத்திலே ஆச்சரியப்பட்டு விசில் அடிக்க மறந்தது.

“ஆரைப் பாக்க வாறன்” என்று தனுசன் சொன்னது நெஞ்சுக்குள் முள்ளாய் நின்றது. தான் சொன்னதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை. எடுக்கவும் மாட்டாள். ஆனால் வலித்தது.

போன் மறுபடி அடித்தது. சூரிச் நம்பர். அடுத்த சண்டைக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்தாள். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்து, முதுகை நிமிர்த்தி, எடுத்தாள்.

நிவேதிகா. தனியாக. குளியலறைக்குள் இருந்து கதைக்கிறாள் போல. குரல் ஓட்டில் பட்டுத் திரும்பி வந்தது.

“மாமி, நான் ஒன்று கேட்கலாமா? கோபிக்க மாட்டீர்களே?”

“கேள்.”

“எனக்கு அந்த ஜீப் வேண்டாம். நான் உங்களுடன் நடந்து வரலாமா?”

இவ்வளவு நேரமும் இரத்தினேஸ்வரி எதற்காகச் சண்டை பிடித்தாள்? ஒரு குருவியும் பின்னால் வராத ஒரு இடம் வேண்டும் என்றுதானே. அந்த இடத்துக்குள் இப்போது மருமகளே கால் வைக்கக் கேட்கிறாள். லொறி புதன்கிழமை. இவள் வந்து இறங்குவது வெள்ளிக்கிழமை. ஏலாது என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“உன்ர மனிசனுக்குத் தெரியுமோ?”

“தெரியாது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.”

இரத்தினேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தாள். கட்டிலில் கிடந்த மஞ்சள் சேலையைப் பார்த்தாள். பாதை திறக்கும்வரை கூட்டம் உகந்தையிலேயே தங்கும், வெள்ளி இறங்குகிறவளும் அதற்குள் அங்கே வந்து சேரலாம். கோபம் இன்னும் போகவில்லை, அது நாளைக்கும் இருக்கும்.

“அங்கை நான் உனக்கு மாமியில்லை. விளங்கிச்சோ?”

“விளங்கிச்சு.”

“நீ எனக்கு மருமகளுமில்லை. களைச்சால் என்னட்டைச் சொல்லக்கூடாது.”

“சரி.”

“சரி எண்டு உடனை சொல்லாதை. முதலிலை இதுக்கு மறுமொழி சொல்லு” என்றாள் இரத்தினேஸ்வரி. “நீ உன்ர சீவியத்திலை எப்பவாவது செருப்பில்லாமல் நடந்திருக்கிறியோ?”